காரைக்காலில் கை போனவர் வரைந்த நம் தோணி

அம்மா மண்டபம் படித்துறையில் நீங்கள் கால் நனைக்கிற தண்ணீர் கல்லணையைத் தாண்டியதும் கிளை கிளையாகப் பிரிந்து போகிறது. அதில் ஒரு கிளையான அரசலாறு காரைக்காலில் கடலைத் தொடுகிறது. இந்த முறை நம் வரலாற்றுப் பக்கத்துக்கான விஷயம் அந்தக் காரைக்காலில் இருந்துதான் வருகிறது. ஆற்றுக்கு நடுவே குடியிருக்கிற நமக்குக் கப்பலும் தோணியும் எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது உங்கள் வீட்டு வரவேற்பறைக்கே வந்து சேரும்.

எட்மோன் பாரி என்று ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி இருந்தார். 1806இல் பிறந்தவர். கப்பலில் மூன்று முறை உலகைச் சுற்றியவர். முதல் பயணம் 1826 முதல் 1829 வரை ‘அஸ்த்ரோலாப்’ கப்பலில். அடுத்தது 1829 முதல் 1832 வரை ‘ஃபவோரித்’ கப்பலில். அப்போது புதுச்சேரி, சென்னைப் பக்கமெல்லாம் வந்து போனார். மூன்றாவது 1837இல் தொடங்கி 1840இல் முடிந்த ‘ஆர்த்தெமீஸ்’ பயணம். அந்தப் பயணத்தில்தான் அன்று பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காரைக்காலில் ஓர் உலோக வார்ப்புக்கூடத்தைப் பார்க்கப் போனார். போன இடத்தில் இயந்திரத்தின் பற்சக்கரத்தில் சிக்கி இடது கையைப் பறிகொடுத்தார்.

கப்பல்காரனுக்கு ஒரு கை போனால் வாழ்க்கையே முடிந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பாரிக்கு முடியவில்லை. வலது கை இருந்தது. அந்தக் கையால் அவர் செய்த வேலையைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

கப்பல் போய் நின்ற துறைமுகத்தில் எல்லாம் அந்த ஊர்ப் படகுகளை அவர் வரைந்துகொண்டே போனார். அழகுக்காகப் பார்த்துப் போட்ட படங்கள் அல்ல இவை. அடிக்கோல் வைத்து அளந்து, பக்கவாட்டுத் தோற்றம், மேலிருந்து பார்க்கும் தோற்றம், குறுக்கே வெட்டிப் பார்த்த தோற்றம் என்று ஒவ்வொரு படகையும் அளவுகோலோடு வரைந்தார். நம் குடியிருப்பில் பெல் தொழிற்சாலையிலோ பொன்மலைப் பட்டறையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பிளான், எலிவேஷன், செக்‌ஷன். இந்த மூன்றும் இருந்தால் உலகத்தின் எந்த மூலையில் இருக்கிற தச்சனும் அதே பொருளைத் திரும்பச் செய்துவிடலாம். 1840களின் தொடக்கத்தில் அவர் இவற்றை ஒரு பெரிய நூலாகப் பாரிசில் வெளியிட்டார். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்கள் கப்பல் கட்டும் முறைகளைப் பற்றிய நூல் அது. நூற்றுக்கும் மேற்பட்ட வரைபடத் தாள்கள். அதில் நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இருக்கிறது, சலங்கு இருக்கிறது, தோணியும் இருக்கிறது.

சலங்கு என்ன என்று இளைய தலைமுறைக்குத் தெரியாமல் இருக்கலாம். சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கும் முன், கப்பல் தூரத்தில் நிற்கும். அதில் வந்த சீமான்களும் சீமாட்டிகளும் கரைக்கு வரச் சலங்கில்தான் ஏற வேண்டும். ஆங்கிலேயர் இதை மசூலாப் படகு என்பார்கள். பலகைகளை ஆணியால் அடிக்காமல் தென்னைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே விலா எலும்பு மாதிரியான சட்டங்களும் கிடையாது. அலை அடிக்கும்போது படகு முழுதும் நெளிந்து கொடுக்கும். ஆணி அடித்த படகாயிருந்தால் அந்த அலையில் பிளந்துபோகும்.

தோணி வேறு ரகம். அது சரக்கு ஏற்றுகிற கப்பல். பாரிக்குச் சில ஆண்டுகள் முன்பே, திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் கப்பல் கட்டும் தலைமைத் தச்சராக இருந்த ஜான் எடை என்ற ஆங்கிலேயர் இந்தக் கரைகளின் கப்பல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1834இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் அது வந்தது. அதில் சோழமண்டலத் தோணிக்கு அவர் தரும் அளவுகள்: நீளம் சுமார் 70 அடி, அகலம் 20 அடி, ஆழம் 12 அடி. அடிப்பகுதி தட்டை, அகலமான இடத்தில் 7 அடி. அளவுகளைத் துல்லியமாகக் கொடுத்த கையோடு, இவ்வளவு மட்டமான கட்டுமானத்தைத் தான் பார்த்ததே இல்லை என்கிற தோரணையில் ஒரு குட்டும் வைத்துவிட்டுப் போகிறார்.

இந்தக் குட்டு எனக்கு உடன்பாடில்லை. காரணத்தை வாதத்தால் அல்ல, மேசை மேல் வைத்தே காட்டலாம். கடையில் விற்கிற ஐரோப்பியப் பாய்க்கப்பல் மாதிரி எதையாவது கவனித்திருக்கிறீர்களா? எல்லாம் ஒரு மரத் தாங்கியில் ஏறி உட்கார்ந்திருக்கும். தாங்கியை எடுத்தால் பக்கவாட்டில் சாய்ந்துவிடும், ஏனென்றால் அடிப்பகுதி கூர். எடை சொன்ன அளவில் ஒரு தோணி மாதிரியைச் செய்து மேசையில் வையுங்கள். எந்தத் தாங்கியும் இல்லாமல் தானே நிற்கும். பாக் நீரிணையில் பல இடங்களில் ஆழம் மிகக் குறைவு. தண்ணீர் வற்றினால் கூரடிக் கப்பல் சேற்றில் சாயும், சரக்கு கெடும். தட்டையடித் தோணி சேற்றிலேயே நேராக உட்கார்ந்து அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்கும். அந்தக் கடலுக்கு அந்தக் கப்பல். ஆழமான துறைமுகத்தில் போர்க்கப்பல்களோடு பழகிய தச்சர் தன் பட்டறைக் கண்ணால் அதைப் பார்த்துவிட்டார்.

இனிப் பாரியிடம் திரும்புவோம். அவர் பழமைக்காக உருகிய ஆள் இல்லை என்பதுதான் இதில் சுவாரசியம். நீராவிக் கப்பலுக்காக வாதாடியவர். நீராவி இயந்திரங்களைப் பற்றியும் உந்துசுழலி பற்றியும் நூல்கள் எழுதியவர். பிரெஞ்சு அறிவியல் கழக உறுப்பினராகி, துணை அட்மிரல் வரை உயர்ந்தவர். பாய்மரத்தைக் கொல்லப்போவது நீராவிதான் என்று அவருக்கு வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். அதனால்தானோ என்னவோ, போகிறதைப் போவதற்கு முன் அளந்து வைத்துவிட வேண்டும் என்று அவ்வளவு அவசரப்பட்டார். 1871இல் லூவ்ர் மாளிகையில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்துக்குக் காப்பாளர் ஆனார். 1893இல் இறக்கும் வரை அதே வேலைதான். தன் பழைய வரைபடங்களை எடுத்து, அருங்காட்சியகத்துப் பட்டறைத் தச்சர்களிடம் கொடுத்து, உலகத்துப் படகுகளையெல்லாம் மர மாதிரிகளாகச் செய்ய வைத்தார். அந்த அருங்காட்சியகம் பிறகு பாரிசின் ஷாயோ மாளிகைக்கு மாறியது. 2010இல் அவருடைய படகு மாதிரிகளுக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தார்கள். பழுது பார்ப்பதற்காகப் பல ஆண்டுகள் மூடியிருந்து 2023 நவம்பரில் மறுபடி திறந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போகிறவர்கள் ஈஃபில் கோபுரத்துக்கு நேர் எதிரே ஆற்றைத் தாண்டினால் போதும்.

நம் ஆட்களிடம் எழுத்தே இல்லையா என்றால், இருந்தது. ‘கப்பல் சாத்திரம்’ என்ற தமிழ் நூல் 1950இல் சென்னையில் அரசின் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வெளியீடாக அச்சானது. தரங்கம்பாடியோடு தொடர்புள்ள நூல் அது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் டேனிஷ்காரர்கள் ஒப்பந்தம் பெற்று வந்து இறங்கிய அதே ஊர். கப்பல் மரத்துக்கான அளவுகளும் சகுனங்களும் அதில் கலந்து வரும். வீட்டுக்கு மனையடி சாத்திரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு தோணியைத் திரும்பக் கட்ட முடியாது. கட்டுகிற வித்தை ஓடாவியின் கையில் இருந்தது. ஓடாவி என்றால் கப்பல் தச்சர். நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம் இன்றும் வழங்குகிற சொல். 1990களில் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாக் நீரிணைக் கரையில் ‘வத்தை’ என்ற மீன்பிடிப் படகு கட்டுகிறவர்களோடு இருந்து பதிவு செய்தார்கள். அப்போது ஒன்று தெரியவந்தது. அந்த ஓடாவிகள் கண்மதிப்பில் கட்டவில்லை. ஒரு பலகையில் சட்டங்களின் வளைவை முழு அளவில் கீறி, நடுச் சட்டத்திலிருந்து முன்னும் பின்னும் போகப் போக எவ்வளவு குறைய வேண்டும் என்பதைக் கணக்காகக் குறித்து வைத்திருந்தார்கள். பாரி தாளில் வரைந்ததை இவர்கள் பலகையில் கீறியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்தப் பலகையில் அடுத்த கணக்கு ஏறும், அல்லது அது அடுப்புக்குப் போகும். தாள் பாரிசில் பத்திரமாக இருக்கிறது.

இந்தக் கைக்கணக்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு அன்னபூரணி சாட்சி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில், கடற்கரையிலேயே, உள்ளூர் மேஸ்திரிமார் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல். நீளம் 89 அடி, அகலம் 19 அடி. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர், சிறிய பாய்ப்படகில் ஏற்கெனவே உலகைச் சுற்றி வந்தவர், இதைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகளே பாய் இழுக்க, சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலையும் அட்லாண்டிக்கையும் தாண்டி 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது அந்தக் கப்பல். குளோஸ்டர் பாய்க்கப்பலைப் பார்க்காத ஊர் அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பாய்மரத்தில் மீன் பிடித்த ஊர்.

போய்ச் சேர்ந்தபோது அதன் பெயர் அன்னபூரணி இல்லை. ராபின்சன் தன் மனைவியின் பெயரை வைத்து ‘ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்’ ஆக்கியிருந்தார். வாங்கினவர் பெயர் வைப்பார், தப்பு சொல்வதற்கில்லை. ஆனால் பாரியின் பெயர் தெரிகிறது, எடையின் பெயர் தெரிகிறது, வாங்கினவர் மனைவி பெயர் வரை தெரிகிறது. பாரி அளந்த தோணியைக் கட்டிய ஓடாவியின் பெயர் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

தூத்துக்குடித் தோணியில் பாயின் இடத்தை எஞ்சின் பிடித்துவிட்டது. பாய் இழுத்து ஓட்டத் தெரிந்த தண்டல்கள் முதுமையில் இருக்கிறார்கள். இனி முழு அளவில் பாய்த்தோணி கட்ட யாரும் பணம் போடப்போவதில்லை. மிச்சம் இருக்கிற ஒரே வழி சின்ன அளவில் கட்டிப் பார்ப்பது. மாதிரி செய்வது பொம்மை வேலை என்று நினைக்காதீர்கள். திருச்சிக்காரர்கள் அப்படி நினைக்கவே கூடாது. 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊர் நெட்டி வேலைக்கு உலகப் பெயர் பெற்றிருந்தது. நெட்டித் தண்டைச் சீவிச் செய்த கோயில் கோபுர மாதிரிகள் இங்கிருந்து லண்டன் அருங்காட்சியகங்கள் வரை போயின. 2020இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும், பக்கத்தில் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பொன்மலைப் பட்டறையே 1920களில் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்ததுதானே! கடற்கரை ஊரிலிருந்து வந்த தொழிற்குடும்பங்கள் நம் நடுவிலேயே இருக்கின்றன.

செய்து பார்க்க விருப்பம் உள்ளவர்களுக்குச் சில குறிப்புகள். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று அளவு வைத்துக்கொண்டால் எடை சொன்ன தோணி 17½ அங்குல நீளம், 5 அங்குல அகலம், 3 அங்குல ஆழம் வரும். டிவி ஸ்டாண்டில் தாராளமாக இடம் கிடைக்கும். அதே அளவில் அன்னபூரணி 22¼ அங்குலம் வரும், அகலமோ ஐந்துகூட இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது சரக்கு மூட்டை, எது கடல் தாண்டி ஓடுவது என்று சொல்லாமலே தெரியும்.

முதலில் ஏரா. அதாவது கப்பலின் அடிமுதுகு மரம். தோணிக்கு இது கூராக இல்லாமல் ஒரு தட்டைப் பலகை. நடுவில் 1¾ அங்குலம், இரு முனையிலும் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதன் மேல் வங்குகள், அதாவது விலாச் சட்டங்கள். பிளைவுட்டில் நூல் வாளால் அறுத்தெடுக்கலாம். இங்கேதான் பொறுமை வேண்டும். நடு வங்கு பெரிது, முன்னால் அணியத்துக்கும் பின்னால் கடையாலுக்கும் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். ஒன்று அரை நூல் தப்பினாலும் மேலே ஒட்டுகிற பலகை அலையடிக்கும். எல்லா வங்கும் நின்றதும் ஒரு மெல்லிய மூங்கில் சிம்பை முன்னிருந்து பின்வரை வளைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் சரி. தொடாத இடத்தில் ஒட்டு போட வேண்டும், முட்டுகிற இடத்தில் இழைக்க வேண்டும். ஓடாவியின் பலகைக் கணக்கு எதற்கென்று அப்போது விரல் நுனியில் புரியும்.

பலகைக்குத் தேக்கு வெனீர் நல்லது. அரை மில்லிமீட்டர் கனத்தில் பிளைவுட் கடையில் கிடைக்கும். இரண்டு அடுக்கு ஒட்டினால் ஒரு மில்லிமீட்டர். நிஜத் தோணியில் இரண்டு அங்குலப் பலகை என்று வைத்தால் நம் அளவுக்கு அது ஏறக்குறையச் சரியாக வரும். வளைவான இடத்துக்கு வெந்நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு வளைத்துக் கட்டி, காய்ந்தபின் ஒட்டுங்கள். நம் ஊர் வெயிலில் அரை நாளில் காய்ந்துவிடும். ஆனால் சித்திரை வெயிலில் ஒட்டியது ஐப்பசி மழையில் உப்பும் என்பதையும் மனதில் வைத்து, விளிம்புகளுக்கு நடுவே மயிரிழை இடம் விடுங்கள். நிஜக் கப்பலிலும் அந்த இடைவெளி உண்டு. அதில் பஞ்சையோ நாரையோ திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் பூசுவார்கள். கலப்பத்து என்று பெயர். மாதிரியில் ஒரு பென்சில் கோடே போதும்.

பாய்மரத்துக்கும் பருமலுக்கும் மூங்கிலைச் சீவிக்கொள்ளலாம். பருமல் என்பது பாயைத் தாங்கும் குறுக்குக் கழி. பாய்க்குக் காடாத் துணி. வெளுத்தபடி வைக்காமல் டீ டிக்காஷனில் ஒரு முக்கு முக்குங்கள். கயிறு என்றால் மெழுகு தேய்த்த பருத்தி நூல். நைலான் வேண்டாம், முடிச்சு நிற்காது, பளபளக்கும்.

பெரும்பாலான மாதிரிகள் கெட்டுப்போவது கடைசி மெருகில்தான் என்பது என் கட்சி. மாதக்கணக்கில் உழைத்துவிட்டு மேலே வார்னிஷைக் கொட்டி, தோணியை ஷோரூம் சோபா மாதிரி ஆக்கிவிடுவார்கள். உப்பிலும் வெயிலிலும் கிடந்து மீன் எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்த மரம் மின்னாது. ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு முறை தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும். பளபளப்பு வேண்டியே தீரும் என்பவர்கள், ரசாயன வார்னிஷை விட்டு அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ் போடலாம். அதற்குப் பெயர் ‘பிரெஞ்சு பாலிஷ்’. அரக்கு என்னவோ நம் நாட்டு மரக்கிளையில் பூச்சி கட்டுவது.

எல்லாம் முடிந்த பிறகு அணியத்தின் இரு பக்கமும் ஒரு கண். சோழமண்டலத்திலும் யாழ்ப்பாணத்திலும் தோணிகளுக்குக் கண் எழுதும் வழக்கம் இருந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நூறு ஆண்டுகளுக்கு முன் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சிற்பி சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசியில் வைப்பது போல இதையும் கடைசியில் வையுங்கள். கை நடுங்கினால் முந்தைய உழைப்பெல்லாம் போச்சு என்பதும் ஒரு காரணம்.

இப்போது ஆரம்பித்தால் நவராத்திரிக்குள் முடியும். கொலுவில் பார்க் போடுகிற மாமிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கண்ணாடியும் நீலத் தாளும் வைத்துக் கட்டுகிற குளத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நிஜத் தண்ணீரில் மட்டும் விடாதீர்கள். அடியில் பாரம் இல்லாத மாதிரி பாய்மரத்தின் கனத்தால் உடனே கவிழ்ந்துவிடும். கொஞ்சம் ஆற்று மணலைப் பரப்பி அதன் மேல் வைப்பது இன்னும் நல்லது. தாங்கி தேவைப்படாது.